உறைந்த குளத்தின் அடியில்

இலண்டன் மாநகரின் வடமேற்கே ஹரோ என்றொரு புறநகர் உண்டு. குன்றின் மேலமைந்த பழம்பெரும் பாடசாலையொன்றினால் உலகம் அறிந்த அவ்வூர், இந்நாளில் நம்மவர் பலர் குடிவாழும் ஊருமாகும். கடைவீதியில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்கலாம். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பினும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒடுங்கி நீண்ட தோட்டம் ஒன்றிருக்கும். அத்தோட்டங்களிற் பலவற்றில் ஒரு குளமும் இருக்கும். குளமென்றதும் வாசகர்கள் வவுனிக்குளத்தையோ கட்டுக்கரைக்குளத்தையோ எண்ணிவிடலாகாது. நம்மூர்க் கிணற்றடித் தொட்டியிலும் சற்றுப் பெரியது. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம், அவ்வளவே.

இதனை வெறும் அலங்காரமெனக் கொள்வதற்கில்லை. பிரித்தானியாவின் வயல்களிலும் ஊர்ப்பொதுவிடங்களிலும் இருந்த சிறு குளங்களில் ஏறக்குறைய அரைவாசி, இருபதாம் நூற்றாண்டிலே தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் மறைந்தன. ஆங்கு வாழ்ந்த தவளைகளுக்கு வீட்டுத் தோட்டக் குளங்களே இன்று பெரும் புகலிடம்.

நாம் அங்கு தங்கியிருந்தது 2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில். பதினோராந் திகதி இரவு வெண்பனி பொழிந்தது. நுவரெலியாவில் அதிகாலையிற் புல்நுனியிற் படியும் உறைபனியைக் கண்டு நடுங்கியவர்கள் நாம். இங்கோ விடிந்தபோது மதிலும் மரமும் வழியும் வேலியும் ஒரே வெள்ளை! இலண்டனிலே ஆண்டுதோறும் இக்காட்சி கிட்டுவதில்லையாம்.

அயல்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர், எண்பதை அண்மிய ஆங்கிலேயர், தனியே வசிக்கின்றார். அவருடைய குளம் உறைந்து, அதன்மேல் வெண்பனியும் மூடிக் கிடந்தது. நம் நண்பரின் பத்து வயது மகள் அதனை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ளே இருக்கிற தவளையெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துப்போகுமே!” என்று கலங்கினாள், தகப்பனாரின் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கிழவர் அவளைத் தடுத்தார்.

“குழந்தாய், உறங்குகின்றவனுக்குக் காற்று வேண்டுமென்று அவன் வீட்டுக் கூரையை இடிப்பார் உண்டோ?” என்றார்.

பனிக்கட்டியின்மேல் ஓங்கி அடித்தால் அவ்வதிர்ச்சி நீரினூடு பரந்து மீன் முதலிய உயிர்களைத் தாக்கும் என்று விளக்கினார். சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டு அவள் கையில் அவர் கொடுத்தது ஒரு தும்புத்தடி! கரையில் நின்றவாறே பனிக்கட்டியின் மேலுள்ள வெண்பனியைக் கூட்டித் தள்ளும்படி சொன்னார். பனிக்கட்டியின்மேற் காலை வைக்கலாகாதென்று இருமுறை எச்சரித்தார்.

தும்புத்தடிக்கும் தவளையின் உயிருக்கும் என்ன தொடர்பு என்று நாமும் வியந்தோம். அதற்கு விடை காண்பதற்கு, மாணவர்கள் பாடசாலையிற் படித்த ஓர் உண்மையை நினைவுகூர வேண்டும். குளிரும் பொருள் சுருங்கும். நீரும் அவ்வாறே சுருங்கும். ஆயின் 4 பாகை செல்சியசு வரையிலேதான். அதற்கும் கீழே குளிர்ந்தால் நீர் மீண்டும் விரியத் தொடங்கும். ஆகவே 4 பாகை நீரே பாரங்கூடியதாய் அடியிற் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகின்றது. இவ்வியல்பு நீருக்கு இல்லையாயின் குளங்கள் அடியிலிருந்து மேல்நோக்கி உறைந்து, உள்ளிருப்பவை யாவும் கல்லாகிவிடும். மேலே மிதக்கும் பனிக்கட்டி போர்வைபோலக் கீழுள்ள நீரைக் காக்கின்றது. குளிரைத் தடுக்கும் பொருள் குளிரின் வடிவமாகவே இருத்தல் என்னே விந்தை!

அந்தப் போர்வைக்குக் கீழே வாழ்வோர் பலர். ஆண் தவளைகளிற் பல குளத்தின் அடியிலுள்ள சேற்றிற் பதுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். இளவேனிலில் வரும் பெண் தவளைகளை முந்திச் சந்திக்கும் நோக்கமே அதற்குக் காரணமென்பர். அவை அப்போது நுரையீரலாற் சுவாசிப்பதில்லை. நீரிற் கரைந்த ஒட்சிசனைத் தோலினூடாகவே பெறுகின்றன. பெண் தவளைகளிற் பெரும்பாலனவும், தேரைகளும், பல்லியின் உருவும் தவளையின் இயல்புங் கொண்ட நியூற் என்னும் பிராணிகளும் தரையிலே மரக்குற்றிகளின் கீழும் கற்குவியலிலும் பசளைக் குப்பையிலும் ஒதுங்கிக் கிடக்கும். தும்பியின் குடம்பிகளோ நீரைவிட்டு அகலா. பேரரசத் தும்பி என்னும் பெரிய இனத்தின் குடம்பி பொதுவாக ஈராண்டு நீருள்ளே வாழ்ந்த பின்னரே சிறகு பெறும். முதுகைக் கீழாக்கி நீந்தும் பூச்சியொன்று குளிர்காலத்திலும் உறங்காது இரைதேடித் திரியும். நம் வன்னிக் குளங்களில் வாழும் தவளைக்குக் கோடையின் வறட்சியே சோதனை. இவற்றுக்கு மாரியின் பனி.

இத்துயில்வோருக்குக் குளிர் கொலைஞன் அன்று. குளிர்ந்த நீரில் ஒட்சிசன் மிகுதியாகக் கரையும். 30 பாகை நீரிற் கரைவதினும் 0 பாகையில் ஏறக்குறைய இருமடங்கு கரையும். துயில்வோரின் தேவையும் மிகச் சிறிது. கேடு வருவது இருளினால். நீருக்குள் வாழும் பச்சைச் செடிகளும் பாசியும், தெளிந்த பனிக்கட்டியினூடாகப் புகும் ஒளியைக்கொண்டு குளிர்காலத்திலும் ஒட்சிசனை உண்டாக்குகின்றன. வெண்பனி படிந்து அவ்வொளியை மறைத்தால் அத்தொழில் நின்றுவிடும். அடியிற் கிடக்கும் இலைகளோ அழுகிக்கொண்டே இருக்கும். அழுகல் ஒட்சிசனைத் தின்னும். கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்களைப் பிறப்பிக்கும். இந்நிலை வாரக்கணக்கில் நீடிப்பின் உறங்குவோர் விழித்தெழார்.

அவ்வாறு நீடித்த குளிர்காலங்கள் உண்டு. 1962ஆம் ஆண்டு மார்கழி இறுதியிலே தொடங்கிய கடுங்குளிர் 1963 பங்குனித் தொடக்கம் வரை இங்கிலாந்தை விடவில்லை. அந்தத் தை மாதத்தில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்கு 2 பாகை கீழே நின்றது. 2010ஆம் ஆண்டு மார்கழியும் மிகக் கொடியது. அதன் பின்னர் பனி உருகியபோது தம் குளத்திலிருந்து ஊதிப் பருத்த தவளைகளை ஒரு வாளியில் அள்ளிப் புதைத்ததாகக் கிழவர் கூறினார். கூறும்போது அவர் நம்மைப் பார்க்கவில்லை, குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடுநீர்ச் சட்டியைப் பனிக்கட்டியின்மேல் வைத்துத் துளை செய்வதே அந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் வைத்தியம். அவரும் அக்குளிர்காலத்தில் நாள்தோறும் அதனைச் செய்தவரே. ஆயின் பிறெஷ்வாட்டர் ஹபிடாட்ஸ் டிரஸ்ட் என்னும் நன்னீர்ப் பாதுகாப்பு அமைப்பினர், துளையிடுவதால் நீரின் ஒட்சிசன் குறிப்பிடத்தக்கவாறு கூடுவதில்லையென்றும், வெண்பனியை அகற்றி ஒளியை உள்ளே விடுவதே பயன் தருமென்றும் கூறுகின்றனர். இதற்கு நியாயமும் உண்டு. அசையாத நீரில் ஒட்சிசன் பரவும் வேகம், காற்றிற் பரவுவதினும் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. கையகலத் துளையினூடு புகும் காற்று மறுகோடியிலுள்ள தவளையை எப்பொழுது சென்றடைவது? எனினும் துளையை முற்றாக இகழ்வதற்கில்லை. தாகத்தால் வருந்தும் பறவைகளுக்கு அதுவே தண்ணீர்ப்பந்தல். உறையத் தொடங்குமுன் பந்தொன்றை மிதக்கவிட்டு, பின்னர் அதனை எடுத்தால் துளை எளிதிற் கிடைக்கும். கேத்தலிற் கொதிக்கும் நீரைக் குளத்தில் ஊற்றுவதும், வீதிக்குத் தூவுவதுபோல் உப்பிடுவதும், மோட்டார் வண்டிக்கு இடும் உறைதடுப்பு மருந்தை ஊற்றுவதும் நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

உண்மையில் குளிர்காலத்துக்கான வேலை ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகின்றது என்பதே நாம் அங்கு கண்டது. இலையுதிர்காலத்திற் குளத்தின்மேல் வலை விரித்துச் சருகுகளைத் தடுத்துவிட்டால் அழுகுவதற்குப் பொருளில்லை. அடர்ந்த செடிகளைக் களைந்தெடுப்பவர்கள் அவற்றைக் கரையிலே ஓரிரு நாள் கிடக்கவிடுவர். சிக்கிய நத்தைகளும் குடம்பிகளும் ஊர்ந்து நீருக்கே திரும்பிவிடும். தோட்டத்து மூலையில் மரக்குற்றிகளை அடுக்கி, அதனைத் துப்புரவு செய்யாது விட்டுவைப்பதும் அவர்தம் வழக்கம். முற்றத்தை நாளும் கூட்டிப் பழகிய நம்மவர் இதனைச் சோம்பல் என்பர்; தேரைக்கு அது மாளிகை.

அக்குளிர் ஒரு கிழமைக்குச் சற்றே மேல் நீடித்தது. அவ்வளவில் ஒரு குளத்துக்குப் பெருங்கேடு விளையாதென்று கிழவர் சொன்னார். சிறுமியோ நாள்தோறும் பாடசாலை விட்டதும் தும்புத்தடியுடன் போய்விடுவாள். பனிக்கட்டி தெளிந்த இடத்திற் குனிந்து பார்த்தபோது, நீர்ப்பூச்சியொன்று தலைகீழாய்த் துடுப்புப் போட்டுச் செல்வதை நாமும் கண்டோம்.

நாம் கொழும்புக்குத் திரும்பிய பின், 2023 மாசி இறுதியில் அவளிடமிருந்து செய்தி வந்தது. குளத்தின் ஆழமற்ற ஓரத்திலே சவ்வரிசிக் கஞ்சிபோல் மூன்று முட்டைத் திரள்கள்! பங்குனித் தொடக்கத்தில் மறுபடியும் குளிர் வரவே, மேலே மிதந்த முட்டைகளிற் சில வெண்மையாகிப் பழுதுற்றனவாம். நீருள் இருந்தவற்றில் கரும்புள்ளிகள் நீளத் தொடங்கியிருந்தன.