பச்சை உடம்புக்காரியின் மனசு

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். ஆணா பெண்ணா? எத்தனை கிலோ? பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்!

அதைக் கேட்டவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். மனநல மருத்துவர் பிரதாப் தர்யன் உள்ளிட்ட குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில் 359 பெண்களை ஆராய்ந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒரு முறை, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் இன்னொரு முறை பேசினார்கள். 2002-ல் முடிவு வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அதாவது, ஒன்பது தாய்மாரில் ஒருவர்.

யாருக்கு அதிகம் வந்தது என்பதுதான் முக்கியம். வருமானம் குறைந்தவர்கள். மகனை எதிர்பார்த்து மகளைப் பெற்றவர்கள். மாமியாரோடு மட்டுமல்ல, பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதவர்கள். கர்ப்ப காலத்தில் துயரத்தைச் சந்தித்தவர்கள். கூடமாட வேலைக்கு ஆள் இல்லாதவர்கள்.

அதே 2002-ல் கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. வறுமை, கணவனோடு சரியில்லாத உறவு, பிறந்தது பெண் குழந்தை!

வேலூரும் கோவாவும் நமக்கு எங்கோ இருக்கிற ஊர்கள் என்று தள்ளிவிட முடியுமா? தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பெண் குழந்தையை வேண்டாம் என்றவர்கள் இங்கேயும் இருந்ததால்தானே? ராயப்பன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் பெண்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார்கள், ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கும் போகிறார்கள். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில், பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக யார் வீட்டில் இருப்பது?

அவள் காரணமில்லாமல் அழுதால் "சோம்பேறி" என்கிறோம். பிள்ளையைத் தூக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கோடாங்கியைத் தேடுகிறோம். அந்த ஐந்து காரணங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் பேய் எங்கே இருக்கிறது? பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அப்படியென்றால் மருந்தில் ஒரு பங்கும் வீட்டுக்குள்ளேதான். துணி துவைத்துக் கொடுப்பது, ராத்திரி அழும் குழந்தையைக் கணவன் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்வது, "பொட்டப்புள்ளயா?" என்று இழுக்காமல் இருப்பது. இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

இரண்டு வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது, தொட்டிலை எட்டிப் பார்க்கும் முன்னால் கட்டிலில் இருப்பவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.