ராத்தாட வளையலும் 15 குதிரை இஞ்சினும்

கொஞ்சம் நீண்ட பதிவு. கடலுக்குப் போறவங்களும் அவங்கட வீட்டாக்களும் பொறுமையா வாசிங்க.

போன மாதம் ஒரு நாள் ராத்தா வீட்டுக்குப் போனால், நாலு வளையலையும் கழற்றி லேஞ்சியில் முடிந்து வைத்திருக்கிறா. அடகுக்காம். மச்சானின் போட்டுக்கு 25 குதிரைவலு இஞ்சின் வாங்கவாம். இருப்பது 15. "சாமான் ஏத்தினா போட் எழும்புதே இல்ல தம்பி, மூக்கத் தூக்கிட்டு நிக்குது" என்றார் மச்சான்.

இது சும்மா வேக ஆசை இல்லை. சாய்ந்தமருதுக் கரையில் நமக்குத் துறைமுகமா இருக்கு? மணலில் இருந்து தள்ளி இறக்கி, ரெண்டு அலைக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் முறுக்கி வெளியே போக வேணும். அடுத்த அலை உடைய முதல் போட் எழும்பி ஓடினால் தப்பினோம். போன வருஷம் ஒருதரம் எழும்பாமல், அலை உள்ளே ஏறி, வலை போய், மச்சான் தோள் வீங்கி வந்தார். ராத்தா வளையலைக் கழற்றியது அந்தப் பயத்தில்தான்.

நான் கடலுக்குப் போறவன் இல்லை. வாப்பா போனவர், என்னைக் கலாசாலைக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் தரம் 10க்கு விசைத் திருப்பம் படிப்பிக்கிறவன் ஒரு போட்டைப் பார்க்காமல் விடலாமா? "ஒரு கிழமை பொறுங்க மச்சான்" என்றேன். "சேர் வந்துட்டாரு" என்று சிரித்தார்.

போட் மெதுவாகப் போகும்போது தண்ணீரைத் தள்ளித் தள்ளித்தான் போகும். வேகம் கூடக் கூட முன்னால் தானே ஒரு அலையைக் கட்டி, அதன்மேல் ஏறப் பார்க்கும். மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் தண்ணீர் அடியில் இருந்து தூக்கிக் கொடுக்கும், பிறகு குறைந்த வலுவே போதும். தாண்டாவிட்டால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு அதே இடத்தில் உறுமும். அப்படியென்றால் பின்பக்கப் பாரம்தான் எதிரி.

மச்சானின் போட்டில் என்ன இருந்தது? எண்ணெய்க் கேன், ஐஸ் பெட்டி, வலை, ரெண்டு ஆள், எல்லாமே பின்னால். 25 லீட்டர் கேன் மட்டும் கிட்டத்தட்ட 20 கிலோ. கேனுக்கு நீளமான குழாய் போட்டு முன்னுக்கு வைத்தோம். வலையை நடுவுக்குக் கொண்டு வந்தோம்.

பிறகு கரையில் ஏற்றி அடியில் உள்ள ஆணியைக் கழற்றினோம். தட்டுக்குக் கீழே இருந்து தண்ணீர் வந்தது, வந்தது, நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தும் வந்தது. 50 லீட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ. முறுக்கின உடனே அது முழுக்கப் பின்னுக்கு ஓடும், கரெக்டா எழும்ப வேண்டிய நேரத்தில். மச்சான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது இஞ்சினின் சாய்வு. தொங்குகிற இடத்தில் ஐந்து துளையும் ஒரு கம்பியும் இருக்கும். மச்சானின் கம்பி நாலாவது துளையில் இருந்தது. ஆழமில்லாத இடத்தில் அடிபடாமல் இருக்க எப்பவோ மாற்றினதாம். அப்போது தள்ளுகிற விசை மூக்கை இன்னும் தூக்கும். ரெண்டாவதுக்கு மாற்றினோம்.

போனில் நேரம் பிடித்தேன். முதல் 14 செக்கன். இவ்வளவும் செய்த பிறகு 9.

கடைசியாகப் புரப்பலர். அதன் நடுவில் வெட்டியிருக்கும் ரெண்டாவது எண்தான் பிட்ச், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகப் பார்க்கும் என்ற கணக்கு. மச்சானிடம் 11. பாரத்தோடு முழுசா முறுக்கினாலும் இஞ்சின் நிமிடத்துக்கு 4,600 சுற்றைத் தாண்டவில்லை. கையேட்டில் 4,500 முதல் 5,500 வரை. மலை ஏறும்போது மேல் கியரில் போறது மாதிரி. மெக்கானிக் ஒருவரிடம் 9 அங்குலத்தை இரவல் வாங்கிப் போட்டோம். 5,000 வந்தது. 6 செக்கன்.

சும்மா கிடைத்ததில்லை, சொல்லிவிடுகிறேன். வெறும் போட்டில் இப்போது ஓட்டம் குறைவு. பாரமில்லாமல் முழுசா முறுக்கினால் சுற்று அளவை மீறி இஞ்சின் கெடும். முன்பாரம் வெளியே போகும்போதுதான் நல்லது. கரைக்கு வரும்போது பின்னால் இருந்து அலை தள்ள, பாரமான மூக்குத் தண்ணீரில் குத்தினால் போட் குறுக்கே திரும்பிக் கவிழும். மச்சான் வரும்போது பெட்டியைப் பின்னுக்கு இழுத்துத்தான் வாறார். கம்பியையும் ஆகக் கிட்ட உள்ள துளைக்குக் கொண்டு போக வேண்டாம், அதுவும் மூக்கைக் குத்தவைக்கும்.

வளையல் ராத்தாட கையிலேயே கிடக்கு. "மத்தவன் வெறும் போட்ல என்னத் தாண்டிப் போறான்" என்று மச்சானுக்கு மட்டும் இன்னும் குறை.

இரவல் புரப்பலரைத் திருப்பிக் கொடுக்க வேணும். யாரிடமாவது 15 குதிரைக்குப் பொருந்துற 9 பிட்ச், பழையதென்றாலும் பரவாயில்லை, இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்க. இதழ் வளையாததாய் இருக்கட்டும்.