தவழாத பேத்தி

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "குப்புற விழுந்திடுச்சா?" விழுந்தால் எங்கள் வீட்டில் கொழுக்கட்டை. பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை. பிள்ளைத்தமிழ் புலவர்களும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று கணக்கு வைத்தவர்கள்தானே!

என் பேத்தி இந்தக் கணக்கு எதிலும் அடங்கவில்லை. அவள் தவழவே இல்லை. இடது காலை மடக்கி உட்கார்ந்து, வலது குதிகாலைத் தரையில் ஊன்றி உடம்பை இழுத்து, உட்கார்ந்த வாக்கிலேயே கூடத்தைக் கடந்துவிடுவாள். ஜட்டியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுத்திருக்கும். "முட்டி போடாத பிள்ளைக்கு இடுப்பு நிக்காது" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. மருமகள் முகம் சுண்டிப்போயிற்று.

இந்தியாவில் டெல்லியையும் சேர்த்து ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானமின்றி நடக்க ஆரம்பிப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். நூற்றில் நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழ்வதே கிடையாது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "டெல்லிப் பிள்ளைங்க வேற" என்றுவிட்டார்.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடமும் காலைப் பற்றித்தான் கேட்டோம். அவர் காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்ததோடு சரி. பிறகு பேத்தியின் முதுகுப் பக்கம் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினார். சட்டென்று திரும்பினாள். "வேணும்னா விரல் நீட்டிக் காட்டுறாளா? பேர் சொன்னா பார்க்கிறாளா?" என்று கேட்டார். மருமகள் மளமளவென்று பதில் சொன்னாள். நானும் என் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காது, பார்வை, முகம் பார்த்துச் சிரிப்பது, விரல் நீட்டிக் காட்டுவது: இவற்றுக்கெல்லாம் நாங்கள் மாவு பிசைந்ததே இல்லை. யாரும் வாசலில் நின்று விசாரிப்பதும் இல்லை. அதனாலேயே காது கேளாத பிள்ளையை "எங்க வம்சமே லேட்டாத்தான் பேசும்" என்று சமாதானம் சொல்லி வளர்க்கிற வீடுகள் உண்டு. பெரியம்மாவின் பயத்தைவிட இந்தச் சமாதானம்தான் எனக்கு உதைக்கிறது. ஒன்றரை வயதிலும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டாலோ, வந்த பழக்கம் எதுவும் நின்றுபோனாலோ, எந்த வயதானாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.