ஒன்பதாவது கேள்வி

“நான் இஸ்கூல் பக்கமே போனதில்ல. அப்புறம் எங்கேர்ந்து ஃபெயில் ஆவறது?” என்று அந்தப் பூக்கார அம்மா கேட்டதும், பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வியைத் தமிழில் எழுதியவள் நான்.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில், 2023 அக்டோபரில் ஒரு மதியம். மனநல சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே, தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோவது எப்படி என்று ஆராயும் ஒரு தொண்டு நிறுவனம், பத்து இளைஞர்களுக்குப் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. நகரின் தமிழ்ப் பகுதிகளில் வீடுவீடாகப் போய்ப் பேச வேண்டியவர்கள் அவர்கள். கேள்வித்தாளையும் கையேட்டையும் தமிழாக்குவது என் வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதுகலைத் தமிழ் படித்து, இருபது வருடங்களாக மொழிபெயர்த்தும் செய்தி எழுதியும் பிழைப்பவளுக்கு ஒன்பது கேள்விகள் ஒரு காலை நேரத்து வேலை என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் இழுத்தது.

பி.ஹெச்.க்யூ.-9 என்று சொல்லப்படும் அந்தத் தாள் உலகம் முழுவதும் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி எப்படி என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டியவர். இதற்குத் தமிழ் வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் வாழ்ந்து, கன்னடம் கலந்து பேசும் தமிழர்களுக்கு அவை எடுபடுமா என்ற சந்தேகம் பயிற்சியை நடத்திய மருத்துவருக்கு இருந்தது. சந்தேகம் நியாயமானது.

முறைப்படிதான் செய்தோம். நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பினார். கிட்டத்தட்ட மூலமே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருத்துவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு எம்.ஏ. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கு. அவ்வளவுதானே?” என்றார்.

அடுத்த கட்டம் தெருவில். கேள்வியைப் படித்துவிட்டு, “நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். ஆய்வுப் பயிற்சியில் நான் பார்த்தவற்றில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு குரூரமான பரீட்சை வேறில்லை. நான் போட்ட ‘நாட்டம்’ ஒருவர் காதில் ‘நோட்டம்’ ஆயிற்று. ‘மனச்சோர்வு’ என்றதற்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண், “பத்து மணி நேரம் மிஷின்ல உக்காந்தா சோர்வு வராதா?” என்றார். ‘தோல்வியடைந்தவர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லைக் கொடுத்தவரும் அந்தப் பூக்கார அம்மாதான். கேள்விகளை மூடிவைத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, “சாயங்காலம் ஆனா ஒரே பேஜாரா இருக்கும்மா” என்றார். சென்னையில் பேஜார் என்றால் தொல்லை. கன்னடத்தில் அது வருத்தமும் அலுப்பும் சேர்ந்த ஒன்று. ஸ்ரீராமபுரத்துத் தமிழில் கன்னட அர்த்தம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அகராதிகளில் அந்தப் பொருள் இல்லை. முதல் இரண்டு கேள்விகளும் அன்று மாலையே சரியாயின.

இப்படித் தேடிய முதல் ஆட்கள் நாங்கள் இல்லை. 1990களில் ஜிம்பாப்வேயில் வேலை செய்த இந்திய மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல், அங்கே ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று மக்களே ஒரு சொல் வைத்திருப்பதைக் கவனித்தார். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அவர் பிறகு கோவா வந்து 1996ல் நண்பர்களோடு ‘சங்கத்’ அமைப்பைத் தொடங்கினார். அங்கே நடந்த ‘மானஸ்’ ஆய்வில் நோயாளிகளிடம் நோயின் ஆங்கிலப் பெயரைச் சொல்லாமல், அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த ‘டென்ஷன்’ என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள்.

மானஸ் ஆய்வின் முடிவுகள் 2010ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. 24 சிகிச்சை மையங்கள், இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்களிடம் வந்தவர்களில் நோய் உறுதியானவர்களில் நூற்றுக்கு 66 பேர் ஆறு மாதத்தில் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 43 பேர். தனியார் டாக்டர்களிடம் மட்டும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. குடும்ப டாக்டர் ஏற்கெனவே உட்கார வைத்து நாலு வார்த்தை பேசுகிறவர் என்பதால் இருக்கலாம். இது என் யூகம். அடுத்து 2017ல் வெளியான இன்னொரு கோவா ஆய்வில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடமே ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் நல்ல பலன் கிடைத்தது. அதிலும் பேசியவர்கள் சாதாரண ஆட்கள்தான். ஒருவர் பேசிய ஒலிப்பதிவை மற்ற ஆலோசகர்கள் கூடி உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவது அவர்களின் பழக்கம். எங்கள் பயிற்சியிலும் அதைப் பின்பற்றினார்கள்.

படிக்காதவரை ஏன் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு போதும். 2015-16ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, கேரளத்தில் லட்சம் பேருக்கு 1.2 மனநல மருத்துவர். மத்தியப் பிரதேசத்தில் 0.05. அதாவது இருபது லட்சம் பேருக்கு ஒருவர். சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்.

இது நேற்று கண்டுபிடித்த பிரச்னையும் அல்ல. 1975 வாக்கில் பெங்களூருக்கு அருகே சக்கலவாராவிலும் ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணியிலும் இதே கேள்வியோடு கிராமங்களுக்குப் போனார்கள். 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அதை முன்மாதிரியாக வைத்து 1996ல் நான்கு மாவட்டங்களில் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டத்துக்கு இப்போது எழுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் அனுமதி உண்டு. இடையில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. ஆங்கிலத்தில் வந்த செய்தியைத் தமிழாக்கும்போது ‘மனநோயாளிகள்’ என்று எழுதினேன். மேலே இருந்தவர் அதை அடித்துவிட்டு, நான் இங்கே எழுத விரும்பாத ஒரு சொல்லைப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலியைச் சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடைசெய்ய 2017 வரை ஆயிற்று.

பயிற்சியின் பெரும்பகுதி சலிப்பானது. ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுவது, பெயரைத் தாளிலிருந்து பிரித்து வைப்பது, யாருக்கு எந்த சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்க விடுவது. பாவம் என்று நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கவே ஒரு முழு நாள் போனது. ஒன்பதாவது நாள்தான் ஒன்பதாவது கேள்விக்கு வந்தோம்.

செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது அந்தக் கேள்வி. நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இந்த உசிரு போய்த் தொலைய மாட்டேங்குதே’ என்று பால் பொங்கி வழிந்தால்கூடச் சொல்லும் சாதி நாம். எனவே ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அதோடு விடக்கூடாது. எப்போது தோன்றியது, எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வரக்கூடாது. அங்கிருந்தே மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதை மருத்துவர் பலமுறை சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஒரு பையனின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். நல்ல பையன். எட்டு கேள்விகளையும் அழகாகக் கேட்டிருந்தான். ஒன்பதாவதில் குரல் தணிந்தது. “அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லியேம்மா?” மறுமுனையில் ஒரு விநாடி மௌனம். “இல்லப்பா.” தாளில் பூஜ்யம்.

மருத்துவர் பதிவை நிறுத்தினார். “இது கேள்வியா, வேண்டுதலா?” என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்து வெளியே டீக்கடைக்குப் போய்விட்டேன்.

அப்பா இறந்தது 1992ல். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. சமைத்தாள், மாட்டைக் கவனித்தாள், எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஆனால் எப்போதும் நெஞ்சை அடைக்கிறது என்பாள். தலை கிறுகிறுப்பு, கைகால் அசதி. டாக்டர் சத்து ஊசி போட்டு டானிக் எழுதிக் கொடுப்பார். அந்த ஆரஞ்சு நிறப் பாட்டில்கள் எங்கள் மாடத்தில் வரிசையாக இருந்தன. குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று அத்தை சொன்னபோது, ஊர் என்ன பேசும் என்று பாட்டி தடுத்துவிட்டாள். பின்னால் நான் முதுகலையில் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளையும் உரைகளோடு படித்துத் தேறினேன். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு அம்மாவின் நெஞ்சடைப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு ராத்திரி விழிப்பு வந்தது. பாயில் அம்மா இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று, “ஒண்ணும் இல்லியேம்மா?” என்றேன். “ஒண்ணும் இல்லடி, போய்ப் படு” என்றாள். போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் உள்ளே வரும்வரை கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தேன். பின்னால் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தாளைப் பையில் வைத்திருந்தேன். அம்மாவுக்கு 71 வயது. திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆய்வில் இதெல்லாம் சேராது. சொந்தக்காரர்களிடம் கேட்கவும் கூடாது. வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லி ஆரம்பித்தேன்.

“பதினஞ்சு நாளா மட்டுந்தானா? அதுக்கு முன்னாடி கேக்க மாட்டாங்களா?” என்றாள்.

“இதுல அவ்வளவுதாம்மா.”

தூக்கம் வருவதில்லை என்றாள். பசி பரவாயில்லை. ஆறாவது கேள்விக்கு வந்தபோது, வாழ்க்கையில் தோல்வி என்ற என் பழைய சொல்லைப் படித்துவிட்டு, புரிகிறதா என்று கேட்டேன். “என்னடி தோல்வி, கீல்வின்னு? யாரையும் கரை சேக்க முடியலியேன்னு இருக்குமே, அதைக் கேக்குறியா?” என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாவதை அச்சில் இருந்தபடியே, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். ‘இல்லியே’ போடவில்லை. கை கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

“இப்ப இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அன்னிக்கு நீ தூங்கலதானே?” என்றாள்.

“இல்லம்மா.”

“தெரியும். பாயில கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு.”

அவ்வளவுதான் பேசினோம். தூக்கத்துக்காக மட்டும் டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தாள். பொங்கலுக்குப் பிறகு கூட்டிப்போனேன்.

பெங்களூர் திரும்பியதும் ஆறாவது கேள்வியை மாற்றினோம். குடும்பத்தைக் கரை சேர்க்க முடியவில்லை, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று தோன்றியதா? மீண்டும் ஸ்ரீராமபுரம். ‘இல்லியே’ போட்ட அதே பையன்தான் படித்தான். பூக்கார அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தார். இந்த முறை இஸ்கூல் பேச்சு வரவில்லை. “தெனமும்தாம்ப்பா” என்றார். பையன் மூன்று என்று குறித்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போகாமல் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.