அறிவிப்பாளர் வரிசையும் பொறியியல் நூலகமும்

மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்துகையில், அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார் என்றே நாம் முதலில் வினவுகிறோம். பொறியியல் பல்கலைக்கழக நூலகர்கள் மாணவர்களுக்குக் கற்பிப்பதும் ஏறத்தாழ இதுவே: எழுதியவர் யார்? ஆதாரம் எது? எந்த ஆண்டின் பதிப்பு?

கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 1978 பதிப்பிற்குப் பின் 2000இல் திருத்தப்பட்டது. இதை அறியாமல் பழைய பதிப்பைக் கொண்டு கணக்கிடப் பழகும் மாணவன், நாளை பிறர் குடியிருக்கும் வீட்டிற்கு வரைபடம் தருவான். அவ்வுயிர்கள் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

தர விதிகள், காப்புரிமை ஆவணங்கள், ஆய்விதழ்கள், 'ஷோத்கங்கா' இணையக் களஞ்சியத்தின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆகியவற்றில் தேடும் முறையை நூலகரிடம் கேட்டறியலாம். இறுதியாண்டு புராஜெக்ட் வரை காத்திராமல், முதலாண்டிலேயே பிள்ளைகளை அவரிடம் அனுப்புவோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறதே!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.