உறைக்குள் இருக்கும் கடிதம்

அஞ்சல்தலை சேர்ப்போர் நம்மில் பலர் உண்டு. தலையை விட்டுவிட்டு, அதன்மேல் விழுந்த முத்திரைக்காக உறையைச் சேர்ப்போர் குறைவு. அதிலும் போர்க்கப்பல்களின் முத்திரைகளைத் தேடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் அடியேனும் ஒருவன்.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் அஞ்சலகம் நடத்த 1908ஆம் ஆண்டில் சட்டம் வழிசெய்தது. மாலுமிகளுள் ஒருவரே அஞ்சல் எழுத்தராகப் பணியாற்றினார். அவர் இடும் வட்ட முத்திரையில் கப்பலின் பெயரும் தேதியும் இருக்கும். அருகிலுள்ள கோடுகளுக்கிடையே கப்பல் நின்ற துறைமுகத்தின் பெயரும் பலவேளை இருக்கும். 1930களில் இவற்றைத் திரட்டும் ஆர்வம் பெருகியது. சேகரிப்பவர் தம் முகவரியைத் தாமே எழுதி, மூன்று சென்ட் தலை ஒட்டி, முத்திரை தெளிவாக விழுவதற்காக உள்ளே ஒரு தடித்த அட்டையையும் வைத்துக் கப்பலுக்கு அனுப்புவார். முன்பின் அறியாத ஒருவருக்காக எழுத்தர் பொறுமையுடன் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார். இவ்வார்வலர்களுக்கென 1932இல் ஒரு சங்கமே தோன்றியது.

கொல்லும் கருவியான கப்பலின் நினைவை வீட்டில் வைப்பானேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் கப்பலைச் சேர்க்கவில்லை. அதற்குள் இருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிய மனிதர்களின் தடத்தைச் சேர்க்கிறேன். முத்திரையின் மதிப்பும் நமக்குப் புதிதன்று. முத்திரையில்லாக் கடிதத்தை ரோமர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று கூறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து, அதில் மூன்று வரிகளில் முத்திரை பொறிக்கச் செய்தார்கள். கடிதம் உரியவரிடமே சேரவேண்டிய அமானிதம் என்பதற்கு முத்திரை ஓர் அடையாளம்.

இந்த அமானிதம்தான் சில மாதங்களாக என் மனத்தை உறுத்துகிறது.

சேகரிப்பாளர்கள் மிகவும் நாடும் கப்பல்களுள் ஒன்று அரிசோனா. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை, பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து அது மூழ்கியது. அதிலிருந்த 1,177 பேர் மாண்டனர். அதன் முத்திரைக்கு விலை அதிகமாதலால் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. ஏலத்தில் நான் வாங்கிய ஒரு கட்டில் அரிசோனாவின் உறை ஒன்று இருந்தது. வெற்றுறையாக இருக்கும் என்றெண்ணித் தடவிப் பார்த்தேன். உள்ளே மடித்த தாள் இருந்தது.

முகவரி ஒரு பெண்மணியுடையது. அனுப்பியவரின் பெயரும் அதே குடும்பப் பெயரில் முடிகிறது. தாயோ, மனைவியோ! மாண்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவகத்தின் பளிங்குச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பட்டியலில் தேடினேன். அவர் பெயர் இருந்தது.

எண்பது ஆண்டுகள் கடந்த கடிதம் வரலாற்று ஆவணம், வாசிப்பதில் தவறில்லை என்பது சக சேகரிப்பாளர்களின் கருத்து. குடும்பத்தார் விரும்பி நூலகத்துக்குக் கொடுத்த கடிதங்களுக்கு அது பொருந்தும். இதுவோ எந்தப் பரணிலிருந்து, யார் அனுமதியின்றி வெளியே வந்ததோ! பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை இறந்தவரின் தாளுக்கும் பொருந்துமா என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "வாரிசுகள் இருக்கிறார்களா என்று விசாரித்தீர்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

உறையிலுள்ள ஊரின் பொது நூலகத்துக்கு, விவரம் கூறி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று என் மகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். "அது நமக்கு எழுதியதில்லை, மா" என்றேன். "அப்படியென்றால் ஏன் வாப்பா விலை கொடுத்து வாங்கினீர்கள்?" என்றாள். உறைக்குத்தான் விலை கொடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் அவ்விடை திருப்தி தந்ததாகத் தெரியவில்லை. நூலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தாள் அதே மடிப்பில் இருக்கிறது.