மந்தமான கம்ப்யூட்டரும் மத்தியதரக் குடும்பமும்

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் ஒரு கவலை. இருக்கிற வீட்டில் ஒன்பது கவலை. அவற்றுள் தலையாயது, நாளடைவில் அது மந்தப்பட்டுப் போவது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து வந்தாலும், திரையில் அந்தச் சிறு வட்டம் இன்னும் பிரதக்ஷிணம் செய்துகொண்டேயிருக்கும். "வயசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று வந்தவர் போனவரெல்லாம் தீர்ப்பளித்து விடுவார்கள்.

2016-ஆம் வருஷம் நாம் வாங்கிய மடிக்கணினியும் இக்கதியை அடைந்தது. புதிது வாங்குவதென்றால், மூத்த பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சேர்த்து வைத்த தொகையில் கை வைக்க வேண்டும். அவளுக்கோ கல்லூரியும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும். உபாத்தியாயர் வீட்டில் இரண்டுக்கும் எங்கே போவது? ஆகவே, யந்திரத்தைத் தள்ளுவதற்கு முன் அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தீர்மானித்தோம்.

நாடி பார்ப்பது கடினமன்று. விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' திறக்கும். எந்த உறுப்புக்கு எவ்வளவு வேலை என்பது அதில் தெரியும். நாம் பார்த்தபோது, மூளையாகிய பிராஸஸர் பத்தில் ஒரு பங்கு கூட உழைக்கவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவிகிதம் என்று காட்டிற்று! மூளை மந்தமாக இல்லை. தகவல் வராமல் காத்திருந்தது. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பையனை மக்கு என்று பின் பெஞ்சியில் உட்கார்த்தி வைப்பதைப் போன்றதே நமது தீர்ப்பும்.

பழைய மடிக்கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.5 மில்லிசெகண்டு ஆகும். முள் நகரும் நேரம் வேறு. அற்பந்தானே என்று தோன்றலாம். ஆனால், யந்திரம் விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இவ்விதம் தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டே கிடையாது. ஆதலால் அந்தக் காத்திருப்பும் இல்லை.

முதலில் காசு செலவில்லாத வைத்தியம்: டாஸ்க் மானேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், அழைக்காமலே காலையில் வந்து அமரும் புரோகிராம்களை நிறுத்தினோம், வைரஸ் காவலை மட்டும் தொடவில்லை. அடுத்து, கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு எஸ்.எஸ்.டி. மாற்றி, 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்கினோம். ஐந்து நிமிஷம் முனகிய யந்திரம் அரை நிமிஷத்தில் எழுந்து நிற்கிறது. கல்லூரிப் பணமும் பத்திரமாயிருக்கிறது.

"ஒரே நொடியில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களை நம்ப வேண்டாம். அவை கூட்டத்தில் இன்னும் ஒன்று, அவ்வளவே. விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்பு ஏற்பாடு பொதுவாக 14-10-2025 அன்று முடிவடைந்தது என்பதையும் மறக்கலாகாது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய யந்திரங்களில் இலவசமான லினக்ஸைப் போட்டுக் கொள்ளலாம். டிஸ்க் சும்மா இருக்க, பிராஸஸரே எந்நேரமும் மூச்சுத் திணறினால், அப்போது புதிது வாங்குவதே முறை. அதற்கு முன் மூன்று விசைகளை அழுத்திப் பார்ப்பதற்குச் செலவொன்றும் இல்லையே!